ஏகாதசியின் மேல் போட்ட பழி

விஜயத்துக்குக் கோபம் வந்தால் கிழக்கேகோட்டைத் தெருவில் மூன்று வீட்டுக்குக் கேட்கும். தனியார் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவள். கடைசி பெஞ்சுவரை எட்டவேண்டும் என்று பழக்கிய தொண்டை. ஆனால் அவள் வாழ்நாளின் பெரிய கோபம் டாக்டர் மகேஷ்குமாரின் அறையில் வந்தபோது, முதலில் சத்தமாக வெளியே வரவில்லை.

அவள் கணவர் சுந்தரராமன் கல்யாணச் சமையல்காரர், சர்க்கரை வியாதிக்காரர். இடது கால் பெருவிரலில் வந்த புண் ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தது. மாத்திரை சாப்பிடும்வரை அடங்கும். நிறுத்தினால் மறுபடி சீழ் கட்டும். சீழைப் பரிசோதித்தால், இந்த மாத்திரைக்குக் கிருமி சாகும் என்றுதான் ரிப்போர்ட் வந்தது.

"ரிப்போர்ட்ல மருந்து கேக்கும்னு உண்டு. பின்னே புண்ணு ஏன் மாறலை? சார் மாத்திரையை விட்டுட்டாரு, அல்லே?" என்றார் டாக்டர், மலையாளம் கலந்த தமிழில்.

"ஒரு வேளைகூட விடலை" என்றார் சுந்தரராமன்.

"ஏகாதசி விரதம் உண்டல்லோ?"

"அது உண்டு" என்றார் மனுஷர், வெள்ளந்தியாக. டாக்டர் சிரித்தார். அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அதே மாத்திரை மறுபடியும். பக்கத்தில் இருந்த விஜயம் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

ஏகாதசியன்றும் மாத்திரையைத் தன் கையால் கொடுத்து, விழுங்கும்வரை எதிரே நின்றவள் விஜயம். வெறும் வயிற்றில் சாப்பிடவேண்டிய மாத்திரை வேறு! வீட்டுக்கு வந்ததும் அவரே, "ஒருவேளை நான்தான் விட்டுட்டேனோ?" என்று கேட்டாரே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஆயிரம் இலை பந்திக்குக் கைக்கணக்கில் உப்புப் போடுகிறவரைத் தன்னையே சந்தேகப்பட வைத்துவிட்டார்களே!

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் இருந்த பழைய மாணவி மூலம், முறைப்படி எழுதிக்கொடுத்து, கணவரின் சீழில் எடுத்த அதே கிருமியைக் கல்லூரிக்கு வாங்கி வந்தாள். ஆய்வகங்களின் வழக்கம் அவளுக்குத் தெரியாதா? கிருமிக்குச் சத்தான திரவத்தை ஊற்றிக் கல்யாண விருந்தே வைப்பார்கள். தின்று பெருகுகிற கிருமி தன்னைச் சுற்றி ஓயாமல் செல்சுவர் கட்டும். மருந்து அந்தக் கட்டுவேலையைக் கெடுக்கும். சுவர் பிளந்து கிருமி சாகும். ரிப்போர்ட் சொன்னது இந்த விருந்துக் கதையை. ஆனால் விரலுக்குள் எலும்பு செத்துக் கிடந்தால் அங்கே ரத்தமும் போகாது, சத்தும் போகாது. பட்டினியில் கிருமி வளராது, சுவரும் கட்டாது. நடக்காத வேலையை மருந்து எப்படிக் கெடுக்கும்?

சத்துள்ள திரவத்தில் பாதியும் சத்தில்லாத திரவத்தில் பாதியுமாகக் கிருமியை வைத்து மருந்தை ஊற்றிப் பார்த்தாள். விருந்தில் இருந்தவை செத்தன. பட்டினி போட்டவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. மருந்தைக் கழுவிவிட்டுச் சாப்பாடு போட்டதும் மறுபடி பெருகின.

மறுநாள் அந்தச் சோதனையை எடுத்த படங்களை டாக்டரின் மேஜையில் போட்டாள். இந்த முறை அவள் குரல் வெளியே காத்திருந்தவர்கள்வரை கேட்டது. "பட்டினி கிடந்தது இவர் இல்லை டாக்டர், அந்தக் கிருமி! உள்ளே எலும்பு செத்திருக்கா, ஸ்கேன் எடுத்துப் பாருங்கோ."

எடுத்தார்கள். செத்த எலும்பு இருந்தது. அதை அகற்றும்போது விரலில் பாதியும் போயிற்று. முதலிலேயே பார்த்திருந்தால் ஒருவேளை விரல் முழுசாகத் தங்கியிருக்கும். புண் மட்டும் இந்தத் தடவை நிஜமாகவே ஆறியது.

கடைசியாகக் காட்டப் போன அன்று டாக்டருக்கு நல்ல உற்சாகம். "நல்லா மாறிடுச்சு! இனி ஏகாதசின்னு மாத்திரையை விடக் கூடாது, கேட்டோ."

சுந்தரராமன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். விஜயத்துக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிற்று.

"போன விரலை நான் கேக்கலை. இவர் பொய் சொல்லலைன்னு இவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கோ."

"அம்மா, வெளியே ஆளுங்க நிக்குது."

"நிக்கட்டும்."

சுந்தரராமன் எழுந்து செருப்பைத் தேடினார். விஜயம் அவர் கையைப் பிடித்து மறுபடி நாற்காலியில் உட்காரவைத்தாள்.