நான்காவது கட்டம்

பயிற்சிக் குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டங்கள் இருக்கும். தேதி, வந்த நேரம், செய்த வேலை, இன்று கற்றுக்கொண்டது. நான்காவது கட்டம்தான் எல்லாவற்றிலும் பெரியது. என் வகுப்புத் தோழி ஒருத்தி அந்தக் கட்டத்தில் நீல மையில், கொஞ்சமும் சாயாத எழுத்தில், ‘ஒன்றுமில்லை’ என்று எழுதி வைத்திருந்தாள். ஒரு பக்கத்தில் மட்டும் என்றால் சலிப்பில் எழுதியது என்று விட்டிருக்கலாம். அடுத்தடுத்துப் பதினோரு பக்கங்களில் அதே சொல். மூன்றாவது கட்டத்தையும் அவள் மறைக்கவில்லை. ‘மாடிப்படி துடைத்தேன். நான்கு அறைகளின் பெட்பேன் கழுவினேன். டாக்டர் வீட்டிலிருந்து சாப்பாட்டுக் கேரியர் எடுத்து வந்தேன்.’ நேர் எதிரே, ஒன்றுமில்லை. அந்தப் பக்கங்களை இப்போது நினைத்தாலும் எனக்குக் காதோரம் சூடேறுகிறது. பாதி அவளுக்காக வரும் கோபம். மீதி என் மேலேயே வருவது.

இது 2007இல், சிதம்பரத்தில், நாங்கள் பிளஸ் டூ படித்தபோது நடந்தது. எங்களுடையது தொழிற்கல்விப் பிரிவு, செவிலியம். பத்தாவதில் மதிப்பெண் குறைந்தவர்களைத் தள்ளிவிடும் இடம் என்றுதான் மற்ற குரூப் பெண்கள் எங்களைப் பார்த்தார்கள். ஆனால் அவள் தள்ளப்பட்டு வந்தவள் இல்லை. பயாலஜி குரூப்பே கிடைக்கக்கூடிய மதிப்பெண் அவளிடம் இருந்தது. பரங்கிப்பேட்டையில் அவள் அப்பா இன்னொருவர் படகில் கடலுக்குப் போய்வந்தார். படிக்கும்போதே ஒரு தொழில் கைக்கு வந்துவிடும், ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி தருவார்கள் என்று பள்ளியில் சேர்க்கையின்போது சொன்னதை அவள் நம்பினாள். நானும் நம்பினேன். என் அப்பா அண்ணாமலை நகரில் மாணவர் விடுதி மெஸ் ஒன்றில் சமையல்காரர். தன் மகள் வெள்ளைக் கோட்டுடன் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று மெஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

வாரத்தில் இரண்டு நாள், ஊருக்குள் இருந்த ஒரு மூன்று மாடித் தனியார் ஆஸ்பத்திரிக்கு எங்களை அனுப்பினார்கள். மொத்தம் பதினான்கு பெண்கள். முதல் நாளே எங்களை வரிசையாக நிற்க வைத்து, யார் யாருக்கு எந்த மாடி என்று ஆயாம்மாதான் பிரித்துக்கொடுத்தார். நர்சுகள் யாரும் வரவில்லை. இரண்டாவது வாரத்தில் அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு ஆயாக்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதற்கும் எங்கள் வருகைக்கும் சம்பந்தம் இருப்பது அன்றைக்கு எங்களில் அவள் ஒருத்திக்குத்தான் புரிந்தது. பி.பி. பார்க்கும் கருவி நர்சுகள் உட்காரும் மேசைமேல் இருக்கும். தொட்டால் திட்டு விழும். உடைத்தால் யார் பொறுப்பு என்பார்கள். ஊசித் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கலாம், அவ்வளவுதான். ஆனால் வெள்ளைக் கோட்டை மட்டும் ஒரு நிமிடம் கழற்ற விடமாட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரி முழுக்க நர்சுகள் நிற்பது போலத் தெரிய வேண்டும்.

அந்தக் கோட்டுதான் ஒரு மதியம் அவளை மாட்டிவிட்டது. இரண்டாம் மாடியில் ஒரு பெரியவருக்கு உடம்பெல்லாம் வேர்த்து, மூச்சு இழுக்க ஆரம்பித்திருக்கிறது. டூட்டி நர்ஸ் சாப்பிடப் போயிருந்தார். பெரியவரின் மனைவி ஓடி வந்து, துடைப்பத்தோடு நின்ற இவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். “நர்சம்மா, இவருக்கு என்னா ஆவுதுன்னு பாரும்மா” என்று அந்த அம்மா கேட்டதை அவள் எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். இவளுக்கு நாடி எங்கே பிடிப்பது என்பது பாடப்புத்தகத்தில் படமாகத் தெரியும். கையில் தெரியாது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். விரலுக்கடியில் துடிப்பது அவருடைய நாடியா, தன் பயமா என்று தெரியவில்லையாம். அப்புறம் கீழே ஓடி நர்சைக் கூட்டிவந்தாள். பெரியவரை வேனில் ஏற்றி வேறு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆனது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அன்றைய பக்கத்தில் மட்டும் அவள் இரண்டு வரி எழுதினாள். ‘நோயாளியின் மனைவி என்னை நர்ஸ் என்று நினைத்துக் கூப்பிட்டார். எனக்கு எதுவும் தெரியவில்லை.’ அடுத்த பக்கத்திலிருந்து ‘ஒன்றுமில்லை’ தொடங்கியது.

செய்முறைத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்னால் எங்கள் செவிலிய டீச்சர் குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கினார். எல்லோருடையதும் அரைகுறையாக இருந்தது. அவர் முந்தைய ஆண்டு மாணவி ஒருத்தியின் குறிப்பேட்டைக் கொடுத்து, அதைப் பார்த்துப் புதிதாக எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அந்தப் பழைய பெண்ணும் அதற்கு முந்தைய ஆண்டுக்காரியைப் பார்த்து எழுதியிருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன். எனக்கு எழுத்து அழகாக வரும். நான்கு நாளில் முழுக் குறிப்பேட்டையும் எழுதி முடித்தேன். இருபது நோயாளிகளுக்கு பி.பி. பார்த்தேன், புண்ணுக்குக் கட்டு மாற்றினேன், குளுகோஸ் பாட்டில் ஏற்ற உதவினேன் என்று எழுதினேன். ஓரங்களில் சிவப்பு மையில் கோடு வேறு போட்டேன். டீச்சர் அதை வகுப்பில் தூக்கிக் காட்டிப் பாராட்டினார்.

அவள் எழுதமாட்டேன் என்றாள். டீச்சர் முதலில் திட்டவில்லை. அவர் பகுதிநேர ஆசிரியை, எந்த ஆண்டு வேலை இருக்கும், எந்த ஆண்டு இருக்காது என்று தெரியாதவர். “ஆஸ்பத்திரிக்காரங்க இனிமே புள்ளைங்கள அனுப்பாதீங்கன்னு சொல்லிட்டா, ஒனக்கு அப்பறம் படிக்கிறவ எங்கடி போவா?” என்று கேட்டார். அவள் தலை நிமிராமலேயே, “அங்க போயி தர தொடைக்கிறதுக்கு எங்கயும் போவாமயே இருக்கலாம் டீச்சர்” என்றாள். டீச்சர் குறிப்பேட்டை மேசையில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அழுதாரோ என்று எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம். அவரை நான் மன்னித்துவிட்டேன். அவரை அந்த இடத்தில் நிற்க வைத்தவர்களை மன்னிக்க முடியவில்லை.

செய்முறைத் தேர்வுக்கு வேறு பள்ளியிலிருந்து ஒரு ஆசிரியை வந்தார். எனக்கு விழுந்தது பி.பி. பார்ப்பது. வகுப்பிலிருந்த வேறொரு பெண்ணின் கையில் பட்டையைச் சுற்றினேன், ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைத்தேன், காற்றடிக்கும் ரப்பர் பல்பை அமுக்கினேன். காதில் ஒரு சத்தமும் விழவில்லை. “நூத்தி இருவது, எண்பது” என்றேன். யாருக்கும் தெரிந்த எண் அது. வந்தவர் சரிபார்க்கவில்லை. என் குறிப்பேட்டைப் புரட்டி, நல்லா எழுதியிருக்கியே என்று சொல்லி மார்க் போட்டார். அடுத்து அவள். அவளுக்கும் அதே பி.பி. தான். கருவியைக் கையில் வாங்கி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு மேசையில் வைத்துவிட்டு, “எனக்குத் தெரியாது மேடம். சொல்லிக்குடுக்கல” என்றாள். வந்தவர் அவள் குறிப்பேட்டைத் திறந்தார். படித்தார். எங்கள் டீச்சரைப் பார்த்தார். மூடி வைத்துவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். பதினோரு பக்க உண்மையைப் படித்த ஒரு அரசு ஆசிரியைக்கு அதைப் பற்றிக் கேட்க ஒரு கேள்விகூடத் தோன்றவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, மனு நாளில், கடலூர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறேன், நீயும் வா என்றாள். வருகிறேன் என்று சொன்னேன். காலையில் பஸ் ஸ்டாண்டில் சந்திப்பதாகப் பேச்சு. நான் போகவில்லை. அம்மாவிடம் வயிற்று வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அவள் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுத் தனியாகவே கலெக்டர் ஆபீஸ் இருந்த மஞ்சக்குப்பம் போய், வரிசையில் நின்று, குறிப்பேட்டின் நகலை வைத்து மனு கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் என்னைப் பார்த்து ஏன் வரவில்லை என்று கேட்கக்கூட இல்லை. ரசீதை மட்டும் காட்டினாள்.

அந்த மனு எங்கே போனது? கலெக்டர் ஆபீசிலிருந்து கல்வி ஆபீஸுக்கு. அங்கிருந்து ‘தக்க நடவடிக்கைக்காக’ என்று எங்கள் தலைமையாசிரியைக்கே. யார் மேல் புகாரோ அவரிடமே, நீங்களே விசாரித்துப் பதில் எழுதுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு பதினேழு வயதுப் பெண் பஸ் ஏறிப்போய்க் கொடுத்த காகிதம், ஒரு வட்டம் சுற்றிவிட்டு அவளைத் திட்டுகிறவரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் என் குறிப்பேடு விரித்திருந்தது. “இதுல எழுதியிருக்கிறதெல்லாம் நீ செஞ்சதுதான?” என்று கேட்டார். அறையில் அவளும் நின்றிருந்தாள். நான், “ஆமாம் டீச்சர்” என்றேன். அவ்வளவுதான் விசாரணை. மாணவியின் புகாரில் உண்மை இல்லை, சக மாணவியின் குறிப்பேடே சான்று என்று பதில் போனது. சிவப்புக் கோடு போட்ட என் பக்கங்களை நகல் எடுத்து இணைத்திருந்தார்கள்.

செய்முறையில் அவளுக்குத் தேர்ச்சிக்கான மார்க் மட்டும் போட்டு நிறுத்தினார்கள். எழுத்துத் தேர்வில் வகுப்பிலேயே அவள்தான் முதல். கூட்டிப் பார்த்தபோது டிப்ளமோ நர்சிங்குக்கு எட்டவில்லை. எனக்கு எட்டியது. டிப்ளமோ முதல் ஆண்டில்தான் ஒரு மனிதக் கையின் ரத்த ஓட்டச் சத்தத்தை நான் முதன்முதலில் காதால் கேட்டேன். இவ்வளவு சின்ன விஷயம். ஒரு மதியத்தில் சொல்லிக்கொடுத்திருக்கலாம். அதைச் சொல்லிக்கொடுக்க மனம் இல்லாதவர்கள் எங்களிடம் இரண்டு ஆயாக்களின் வேலையை வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பெயர் பயிற்சி என்று அரசாங்கக் காகிதத்தில் இருந்தது.

2012இல் நான் கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். தானே புயல் அடித்துப் போட்ட மாவட்டம் அப்போதுதான் மெல்ல எழுந்துகொண்டிருந்தது. ஒரு காலையில் எங்கள் வார்டுக்கு ஆறு பள்ளிப் பெண்கள் வந்தார்கள், வெள்ளைக் கோட்டு, கக்கத்தில் குறிப்பேடு. எங்கள் சூப்பர்வைசர் அவர்களை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்காமல், மாப்பு எங்கே இருக்கிறது என்று காட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. என் டூட்டிக்கு நடுவே ஒரு பெண்ணுக்கு நாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். சூப்பர்வைசர், அதெல்லாம் உனக்கு எதுக்கு என்று என்னிடம் சொல்லி, அந்தப் பெண்ணை வேறு மாடிக்கு அனுப்பிவிட்டார்.

அந்த வாரம் இருப்பிடச் சான்றுக்கு விண்ணப்பம் டைப் அடிக்க மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். புயல் நிவாரணம் வராதவர்கள் வாசல்வரை நின்றிருந்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு மனு அடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான், என் பழைய வகுப்புத் தோழி. நான்கைந்து வருடங்களில் கண்ணாடி போட்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, உட்காரு என்று ஸ்டூலைத் தள்ளினாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். முந்தி ஒரு பேச்சு யோசித்து வைத்திருந்தேன், பல வருடங்களாக. ஆனால் வாயில் வந்தது அந்த ஆறு பெண்கள்தான். சொல்லி முடிக்கும்வரை விசைப்பலகையில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பள்ளிக்கூடம், சொல்லு” என்றாள். சொன்னேன். அடித்தாள். “நேர்ல பாத்தவங்க யாருன்னு கேப்பாங்க. யார் பேரு போட?”

பின்னால் ஒரு கிழவர் தன் இடிந்த வீட்டின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தார். நான் என் பெயரைச் சொன்னேன். அவள் திரும்பிப் பார்க்காமல் அதை அடித்தாள்.

மனு இந்த முறையும் அதே வழியில்தான் போனது. பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சேர்த்தே வந்தது. மானேஜர் என்னைக் கூப்பிட்டு, இந்தப் பெயர் உன்னுடையதா என்று கேட்டார். என்னுடையதுதான், எழுதியிருப்பது எல்லாம் நான் பார்த்தது என்றேன். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். அந்த ஆறு பெண்களைப் பள்ளி அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். அங்கே போய் என்ன கற்றார்கள் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்காமல் நல்லதாக நினைத்துக்கொள்ளும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

வேலை போன அன்று மாலை பஸ் ஸ்டாப்பிலிருந்து அவளுக்குப் போன் செய்தேன். பாவம் என்றோ, நல்லது செய்தாய் என்றோ அவள் சொல்லவில்லை.

“வாயால சொன்னாங்களா, எழுத்துல குடுத்தாங்களா?”

“வாயாலதான்.”

“எழுத்துல கேளு. குடுக்கலன்னா அதயும் எழுதுவோம். திங்கக்கெழம ஒம்போது மணிக்கெல்லாம் கலெக்டர் ஆபீசுக்கு வந்துடு, கூட்டம் சேர்றதுக்குள்ள.”

போனேன்.