தொண்ணூற்றேழும் மாரேமும்

மாரேம் ஜோப்புக்கு வாய் நீளம். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நான் ந்தியாய் வம்சம். ஜோப்களும் நாங்களும் பாட்டன் காலத்திலிருந்தே ‘சோத்துமூட்டை’ என்று ஒருவரையொருவர் வாரிக்கொண்டிருக்கிறோம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. காவ்லாக் நகருக்கு அப்பால், கடலைக் காட்டு நடுவே இருக்கிற பள்ளியில் அவள் பக்கத்து வகுப்பு ஆசிரியை. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் குரலை வருடக்கணக்கில் சகித்தவன் நான்.

அவள் குதிரைவண்டிக்காரர் மகள். சிறுமியாக இருந்தபோது வாத்தியார் பிரெஞ்சில் தொண்ணூற்றேழு என்றிருக்கிறார். பிரெஞ்சில் அது ‘நாலு இருபது பத்து ஏழு’. காதில் விழுந்ததை அப்படியே சிலேட்டில் எழுதினாள்: 420107. வெயிலில் மணலில் முட்டி போட வைத்தார்கள். கேட்டதைத்தானே எழுதினேன் என்றதற்கு இன்னும் கொஞ்ச நேரம். அந்தக் கோபம் அவளுக்கு ஆறவே இல்லை. வாத்தியார் வேலைக்கு வந்ததே அந்தக் கோபத்தில்தான் என்பது என் கட்சி.

எங்கள் வொலோஃப் மொழியில் ஆறு என்றால் ஐந்தும் ஒன்றும். ஒன்பது என்றால் ஐந்தும் நாலும். தொண்ணூறு, ஒன்பது பத்து. பிள்ளை ஒரு கையை விரித்து மறுகையில் ஒரு விரலை நீட்டினால் ஆறு வந்துவிட்டது. வாய் சொல்வதையே கையும் சொல்கிறது. பிரெஞ்சில் எழுபது என்றால் அறுபதும் பத்தும். பதினாறுக்கோ பத்தும் தெரியாத, ஆறும் தெரியாத ஒரு பெயர். மனப்பாடம் செய்யலாம், பிடி கிடைக்காது. அதனால் மாரேம் முதலில் வொலோஃபில் எண்ண வைப்பாள், பிறகு எழுத வைப்பாள், பிரெஞ்சுப் பெயர் கடைசியில்தான். பள்ளியில் வொலோஃபுக்கு இடமில்லை என்பது சட்டம். அவளுக்கு அது காதில் ஏறவில்லை.

ஆய்வாளர் வருகிறார் என்றதும் தலைமையாசிரியர் துரே மாரேமைத் தேடிக் கிளம்பினார். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த எங்களிடம் வந்து நின்றார்.

“நாளைக்கு ஒரு நாள் மட்டும் பிரெஞ்சுலயே நடத்தும்மா. உன் வேலை இன்னும் நிரந்தரமாகல. அவர் ஒரு வரி எழுதினா எங்கயாவது தூக்கிப் போட்டுடுவாங்க. கைக்குழந்தை வச்சிருக்க.”

“ஐயா, உங்க புள்ளைக்குப் பொறந்த அன்னைக்கேவா பேர் வச்சீங்க?”

“எட்டாம் நாள். ஊர் வழக்கம்தானே?”

“ஒரு வாரம் மடியில வச்சுக் கொஞ்சிட்டுத்தானே பேர் வச்சீங்க. எண்ணும் அப்படித்தான். மொதல்ல புள்ளைங்க கைக்கு வரட்டும், அப்புறம் உங்க பிரெஞ்சுப் பேரை வைக்கலாம்.”

“சோத்துமூட்டை ஜோப்புக்கு வம்பும் வேணுமாக்கும்” என்றேன் நான்.

“ந்தியாய் வாயில சோறு இருக்கிறப்ப பேசக் கூடாது” என்றாள்.

ஆய்வாளர் மறுநாள் வந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த அஸ்து என்ற சிறுமியைப் பலகைக்கு அழைத்து, பிரெஞ்சில் தொண்ணூற்றேழு என்றார். அவள் எழுதினாள்: 420107. ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். துரே கண்ணாலேயே மாரேமிடம் கெஞ்சினார்.

மாரேம் எழுந்து, எல்லார் முன்னாலும், வொலோஃபில் அந்த எண்ணைச் சொன்னாள். அஸ்து தன் விரல்களைப் பார்த்தாள். உள்ளங்கையால் பலகையைத் துடைத்தாள். 97 என்று எழுதினாள்.

“மேடம், இந்த வகுப்பில எந்த மொழி பேசணும்னு தெரியுமா?”

“தெரியும் ஐயா. ஆனா இப்ப மொழிப் பாடம் நடக்கல. கணக்குப் பாடம்.”

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ஆய்வாளர் சிரிக்கவில்லை. பலகையில் இருந்த விடையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் என் வயிற்றெரிச்சல்.

மாற்றல் உத்தரவு வந்தது: வடக்கே ஆற்றங்கரையில், புலார் மொழி பேசுகிற ஒரு கிராமம். அங்கே வொலோஃப் எடுபடாது, பிரெஞ்சைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்காது என்று கணக்குப் போட்டிருந்தார்கள். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வண்டி ஏறினாள். கணவன் இங்கேயே நின்றுவிட்டான், அவன் பிழைப்பு இங்கே. போகும்போது அழுதாள். அதை மறைக்கவும் இல்லை.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் அவளிடமிருந்து போன் வந்தது.

“மொத நாள் புள்ளைங்ககிட்ட, எனக்கு உங்க மொழியில எண்ணத் தெரியாது, நீங்கதான் சொல்லித் தரணும்னேன். நான் தப்புத் தப்பாச் சொல்ல, உருண்டு சிரிச்சாங்க. இவங்க மொழியிலயும் ஆறுன்னா அஞ்சும் ஒண்ணும்தான்டா. இப்ப நூறு வரைக்கும் எழுதுறாங்க.”

“அங்கயும் ஆய்வாளர் வருவாரே, தாயே.”

“வரட்டும். துரேகிட்ட ஒண்ணு சொல்லு. அடுத்த மாத்தலைச் சீக்கிரம் போடச் சொல்லு. செரேர், ஜோலா, மாண்டிங்கான்னு நான் கத்துக்க வேண்டிய மொழி இன்னும் நிறைய பாக்கி இருக்கு.”

ஆசிரியர் அறையில், எல்லாரும் இருக்கும்போது, ஒரு சொல் விடாமல் துரேவிடம் சொன்னேன். வொலோஃபில்தான் சொன்னேன்.