நடுவில் நின்ற அலுவலகம்

வீடுகளுக்கு வரைபடம் போடுகிற அவளுக்கு மாமியார் வைத்த பெயர் முரண்டு. பெற்றவர்கள் வைத்ததை எல்லோரும் மறந்தாயிற்று. முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால், அதை முடித்துக் காட்டும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவளைத்தான் ஒரு மேனேஜர் பல வருஷம் வாயைத் திறக்க விடாமல் வைத்திருந்தார்.

"நீ வரைஞ்சா போதும்மா, பேசறத நான் பாத்துக்கறேன்" என்பார். ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று வீடு கட்டுகிறவரிடம் கேட்பதற்குக்கூட அவர் வழியாகத்தான் போகவேண்டும். பதில் அரைகுறையாக வந்து சேரும். போன வாரம் வேலையை விட்டாள். "எங்க போயிடப் போற, திரும்பி வருவ" என்று அவர் சிரித்தார். 

இன்று பதினொரு மணிக்கு ஒரு பல் டாக்டரம்மா வீடியோவில் வருகிறார். புது கிளினிக்குக்கு அவள் வரைந்ததைப் பார்த்து, அங்கேயே மாற்றச் சொல்லி, பிடித்தால் வேலையைக் கொடுப்பார். அவள் தன் வாயால் பேசிப் பிடிக்கப்போகும் முதல் வேலை. வரைபடமெல்லாம் அவள் ஆபீஸுக்குத் தூக்கிக்கொண்டு போய்வந்த சொந்த லேப்டாப்பில் இருக்கிறது. வீட்டில் அதில் நெட் போடுவது இதுதான் முதல் தடவை. அதுவோ வீட்டு வைஃபையில் சேர்ந்துவிட்டேன் என்று சத்தியம் செய்தது. ஒரு பக்கத்தைக்கூடத் திறக்க மறுத்தது.

கணவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மிக்ஸியோ மின்விசிறியோ, பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகுவான். ரவுட்டருக்கும் அதே மரியாதை நடந்தது. பலனில்லை.

"பேசாம பழைய ஆபீஸுக்கு ஒரு போன் போடு. அங்கதான் இது ஒழுங்கா ஓடிச்சு. அவங்க சொல்லித் தருவாங்க" என்றான்.

"லேப்டாப்பத் தூக்கி வெளிய போட்டாலும் போடுவேன். அந்த ஆளுகிட்ட கேட்கமாட்டேன்."

"வேளை பாத்து முரண்டு பிடிக்கறா பாரு" என்று மாமியார் உள்ளிருந்து குரல் கொடுத்தார். கணவன் தன் போனை எடுத்துக்கொண்டு நைசாக வாசல் பக்கம் நழுவினான்.

அவள் சுவர் விரிசலைப் பார்க்கிற மாதிரி லேப்டாப்பை நிதானமாகப் பார்த்தாள். அதே வைஃபையில் அவள் போன் ஓடுகிறது. அப்படியென்றால் வீட்டு லைனில் பழுதில்லை. போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பைச் சேர்த்தாள். அதிலும் அதே கதை. கோளாறு லேப்டாப்புக்குள்தான். ஆபீஸில் ஓடியது இங்கே ஏன் ஓடவில்லை? அங்கே இதற்குள் எதையோ மாற்றி வைத்திருக்கிறார்கள்.

செட்டிங்ஸைத் திறந்து நெட்வொர்க் பகுதியில் ஒவ்வொன்றாக நோண்டினாள். ப்ராக்ஸி என்று ஒன்று. அதற்கு நேரே பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரின் முகவரி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. லேப்டாப் எதைத் தேடினாலும் முதலில் அந்தக் கம்ப்யூட்டரிடம் போய் நிற்கவேண்டும், அது வழிவிட்டால்தான் வெளியே போகலாம் என்று ஏற்பாடு. ஆபீஸுக்கு வெளியே அந்தக் கம்ப்யூட்டர் எட்டாது. வேலையை விட்டும் அவர்கள் வாசலில்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். அவளுக்குக் கோபத்தில் சிரிப்பே வந்துவிட்டது. ப்ராக்ஸியை அணைத்தாள். பக்கங்கள் மளமளவென்று திறந்தன.

டாக்டரம்மா சரியாகப் பதினொரு மணிக்கு வந்தார். காத்திருக்கும் இடம் குறுகலாக இருக்கிறதே என்றார். அவள் பேசிக்கொண்டே சுவரை நகர்த்திக் காட்டினாள். பாதியில் கணவன் தயங்கித் தயங்கி வந்து தன் போனை நீட்டினான். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவன் செய்த காரியம் புரிந்துவிட்டது. டாக்டரம்மாவிடம் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, இந்தப் பக்கத்துச் சத்தத்தை நிறுத்தி, போனை வாங்கினாள்.

"என்னம்மா, நெட் வரலையாமே" என்றார் மேனேஜர். குரலில் அதே சிரிப்பு. "எடுத்துட்டு இங்க வா, பாத்துக்கலாம்."

"வந்துடுச்சு சார். நடுவுல உங்க ஆபீஸ் நின்னுட்டிருந்துது. எடுத்துட்டேன்."