என் காலும் ரங்கனின் முதுகும்

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெரு அஞ்சலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கிணற்றடியில் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்திருக்கிறாள்.

"ஐயா, ஒரே ஒரு மிதி மிதிங்க. செரியாப் பூடும்."

நான் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டேன்!

பிறக்கும்போது எனக்குக் கால்தான் முதலில் வந்ததாம். அப்படிப் பிறந்தவன் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விலகும் என்பது எங்கள் பாகூர்ப் பக்கத்து நம்பிக்கை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நான் அதை நம்பினேனா? இல்லை. ஆனால் வாசலில் ஆள் காத்திருப்பது... பிடித்திருந்தது.

போன கரும்பு வெட்டின்போது என் தங்கை புருஷன் ரங்கன் பாரவண்டியின் உச்சியிலிருந்து சறுக்கினான். வால் எலும்பு தரையில் மோத விழுந்தான். நாலு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி என்னிடம் கொண்டுவந்தார்கள். மிதித்தேன். அலறினான்.

சற்று நேரத்தில், "மச்சான், காலு இருக்கா இல்லியான்னே தெரியலப்பா" என்றான்.

கதவைக் கழற்றி அதில் அவனைக் கிடத்தி, வண்டியில் வைக்கோல் பரப்பி, புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"விழுந்தவர் முதுகில் யாராவது கை வைத்தீர்களா?" என்றார் டாக்டர்.

கை வைக்கவில்லையே — என் மனம் வக்கீல் வேலை பார்த்தது.

"வண்டிலேர்ந்து வுழுந்ததுதான் டாக்டரு" என்றான் ரங்கன். என் மானத்தைக் காப்பாற்றிவிட்டான், படுத்துக்கொண்டே!

இனி நடப்பானா? தங்கை என் காலைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

அசையாமல் படுத்திருந்தான். மூன்றாம் வாரம் கால் கட்டைவிரல் ஆடியது. தங்கை அதையே தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெல்ல உட்கார வைத்தார்கள். வால் எலும்பு எதிலும் படக்கூடாது, நடுவில் ஓட்டையுள்ள மெத்தை வேண்டும் என்றார் டாக்டர். தங்கை பழைய புடவையை முறுக்கிப் பெரிய சும்மாடு சுற்றிவிட்டாள்.

"தலைக்கு வெக்கறத இன்னா எடத்துல வெச்சிட்டா பாரு மச்சான்!"

அன்றுதான் மூவரும் சிரித்தோம். இப்போது தடி ஊன்றி வயல்வரை போய் வருகிறான்.

டாக்டர் ஐயா, பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தி உங்கள் கண்ணில் பட்டால்... மிதித்தது நான்தான். எழுதப்போகிறேன் என்று ரங்கனிடம் சொன்னேன்.

"எழுது. ஒழுங்கா மிதிச்சேன்னு மட்டும் எழுதிடாத."

அஞ்சலையைப் பலகையில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். எலும்புக்கு ஒன்றுமில்லை, வெறும் அடிதானாம். வீட்டில் சும்மாடு போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

என் காலுக்கு இப்போது தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான் — வண்டிக்காரன் வீட்டுக்கு ஓடுவது!