'நிறைவு' என்று எழுதிய பக்கம்

நான் மொத்தம் பதினோரு இணையதளங்களுக்குப் பக்கம் வடிவமைத்திருக்கிறேன். ஒன்றுகூட இன்று திறக்காது. முகவரியைத் தட்டினால் ஒன்பது இடத்தில் வெறும் வெள்ளை; இரண்டில் யாரோ வேறு என்னவோ விற்கிறார்கள். தெரிந்தும் அவ்வப்போது பதினொன்றையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கிறேன். பார்க்காவிட்டால் தூக்கம் சரியாக வருவதில்லை.

என் மருமகன் சென்னையில் இதே வேலையைத்தான் செய்கிறார். அவருக்கு யூஎக்ஸ் டிசைனர் என்று பெயர். எனக்கு அப்போது சிவகாசியில் 'வெப்சைட் பாய்' என்று பெயர். ஒரு அச்சகத்தில் இருபத்தாறு வருடம் காலண்டர் லேஅவுட் செய்துவிட்டு, ஐம்பதைத் தாண்டிய பிறகு மவுஸைப் பிடித்தவன் நான். தாளில் தப்பு வந்தால் கண்ணில் படும். திரையில் வரும் தப்பு எங்கோ யாரோ ஒருவர் வீட்டில் போய் நடக்கிறது. அந்த நினைப்பு இருப்புக்கொள்ள விடாது.

உதாரணத்துக்கு ஒரு லாட்ஜ். அறை காலியில்லாத நாட்களைச் சிவப்பில் காட்டினேன். காலண்டர் ஊர்க்காரர்களுக்குச் சிவப்பு என்றால் லீவு. நல்ல லீவு நாளாகப் பார்த்து அந்தத் தேதிகளையே கேட்டார்கள். சிவப்பைச் சாம்பலாக்கினேன், அதோடு முடிந்தது. பட்டாசுக் கடை அப்படி முடியவில்லை.

சிவகாசியில் மொத்த வியாபாரம் செய்த ஒரு அண்ணாச்சியின் கடை அது. அவர் இணையப் பக்கத்தில் எழுபத்துமூன்று சரக்குகள். வாங்குகிறவர் வேண்டியதை டிக் செய்து, எத்தனை பெட்டி என்று எழுதி அனுப்பினால் ஆர்டர் கடைக்கு வந்துவிடும். பிறகு கடையிலிருந்து போன் செய்து உறுதி செய்வார்கள். சீசனில் சரக்கு தீர்ந்தால் அதன் பக்கத்தில் ஒரு சொல் தோன்ற வேண்டும்; டிக் கட்டத்தை மறைக்க எனக்கு அப்போது தெரியாது. 'இல்லை' என்று போட்டிருந்தேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"பாய், நம்ம கடையில அந்தச் சொல்லே கிடையாது" என்றார்.

'தீர்ந்துவிட்டது' என்று மாற்றலாமே என்றேன். "முதல் எழுத்தே தீ. பட்டாசுக் கடையில அதை எழுதச் சொல்றீகளா?" என்று சிரித்தார். ஆனால் விளையாட்டாகச் சொல்லவில்லை. வீட்டில் அரிசி காலியானால் நிறைஞ்சிருச்சு என்றுதானே சொல்கிறோம், அதையே போடுங்கள் என்றார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். சொன்னால் புரியும், எழுதினால் புரியுமா என்று இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்க வாய் எடுத்தபோது அவர் டீ சொல்லிவிட்டார், நான் நோன்பு என்பதை மறந்து. அந்த வருடங்களில் தீபாவளி நோன்பு மாதத்தில் வந்துகொண்டிருந்தது.

அப்போதெல்லாம் தமிழ் எழுத்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரியாது. கட்டம் கட்டமாக விழும். அதனால் ஒவ்வொரு சொல்லையும் படமாகச் செய்து வைப்பேன். 'நிறைவு' என்று ஒரே ஒரு படம் செய்தேன், பச்சையில். இல்லாததைச் சிவப்பில் காட்டி லாட்ஜில் பட்டிருந்தேன் அல்லவா.

தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு அம்மாள் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஊரில் அவர்களுக்கு விவசாயம் செய்யக் காடு உண்டு. அது போக வருடா வருடம் தீபாவளிச் சீட்டு நடத்துகிறவர். மாதாமாதம் கட்டியவர்களுக்குத் தீபாவளிக்கு ஆளுக்கொரு பட்டாசுப் பெட்டி. அறுபத்திரண்டு பேர். எல்லாப் பெட்டியிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்றில் ஒரு சாமான் குறைந்தாலும் சீட்டுக்காரி எடுத்துக்கொண்டாள் என்று பேச்சு வரும். விருதுநகரில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவரே பார்த்து ஆர்டர் அனுப்பியிருக்கிறார். உறுதி செய்யக் கடையிலிருந்து யாரும் போன் செய்யவில்லை. சீசன் நெரிசலில் விட்டுப்போயிற்று.

சரக்கைக் கட்டி வைத்திருந்த பையன்கள் பெரிய கம்பி மத்தாப்பு மட்டும் இல்லாமல் பெட்டிகளை நீட்டினார்கள். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு அண்ணாச்சியிடம் வந்தார். நான் மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தேன்.

"மத்தாப்பு எங்கன இருக்கு அண்ணாச்சி?"

"அது நிறைஞ்சிருச்சு தாயி."

"அதான் நானும் பார்த்தேன். நிறைஞ்சிருக்கிறத எடுத்து வைக்க என்ன?"

பையன்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அண்ணாச்சி அவனை முறைத்தார். நிறைஞ்சிருச்சு என்றால் என்ன அர்த்தம் என்று மெதுவாகச் சொன்னார். அந்த அம்மாளுக்கு முகம் மாறியது.

"அரிசிப் பானைக்குச் சொல்றத இங்கன பச்சையில எழுதி வச்சிருக்கீக. இல்லாத சாமானுக்குப் பச்சையா? அம்புட்டுப் பேருக்கும் மத்தாப்பு உண்டுன்னு சொல்லிட்டேன்."

வேறு ரகம் தருகிறேன், கூடவே இரண்டு சங்குசக்கரம் போடுகிறேன் என்று அண்ணாச்சி எவ்வளவோ சொன்னார். அந்த அம்மாள் ஒப்பவில்லை. பெரிய மத்தாப்பு இல்லாமல் ஊருக்குள் போனால் அடுத்த வருடம் யாரும் சீட்டுக் கட்டமாட்டார்கள், இத்தனை வருடமாகக் காத்த பேர் போய்விடும் என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நான் அதுவரை வந்திருந்த ஆர்டர்களைத் திறந்து எண்ணினேன். பச்சைச் சொல்லைப் பார்த்துவிட்டு அதே மத்தாப்பைக் கேட்டவர்கள் இவரைச் சேர்த்து பதினான்கு பேர். மற்ற பதின்மூன்று பேரும் இன்னும் வந்து சேரவில்லை.

அதை அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் போனை எடுத்தார். எதிர்த் தெருவில் அவருக்குப் போட்டியான கடை. ஐந்து வருடமாகப் பேச்சு கிடையாது. அங்கே எடுத்தவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. இவர் இரண்டு தடவை இருமிவிட்டு, கடையில் யார் காதிலும் விழக்கூடாது என்பதுபோலத் தாழ்ந்து சொன்னார்.

"எங்கிட்ட இல்லை. இருக்கிறதக் குடுங்க."

ஐம்பத்தைந்து வந்தது. ஏழு குறைந்தது. வேறு கடைகளிலும் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. அந்த அம்மாள் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சரி, அந்த ஏழு வீட்டுக்கு நானே போய் இல்லைன்னு சொல்லிக்கிறேன். எனக்கு அந்தச் சொல்லு வரும்."

ஆட்டோ போன பிறகு அண்ணாச்சி என் பின்னால் வந்து நின்றார். எழுதிவிடுங்கள் பாய் என்றார். 'இல்லை' என்று புதிய படம் செய்தேன், சாம்பல் நிறத்தில். கொஞ்சம் சின்னதாகப் போடச் சொன்னார். போட்டேன். இன்னும் என்றார். அதற்கும் கீழே போனால் அந்தக் காலத் திரையில் 'லை'யின் கொம்பு உடைந்து 'இல்ல' என்று தெரியும். அதைக் காட்டினேன். "அதுவும் அதுதான" என்றார். நான் கொம்போடு இருக்கும் அளவிலேயே விட்டு ஏற்றினேன். பதின்மூன்று பேருக்கும் போன் செய்தோம். ஒன்பது பேர்தான் எடுத்தார்கள்.

ஏழு வீட்டில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு வெகுநாள் தெரியவில்லை. அடுத்த சீசனில் தினமும் ஆர்டர்களில் மல்லாங்கிணறு இருக்கிறதா என்று தேடினேன். வரவில்லை. சீட்டு நின்றுபோய்விட்டது என்றே முடிவு கட்டினேன். ஆனால் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் அந்த அம்மாள் நேரிலேயே வந்துவிட்டார். ஐம்பத்தெட்டுப் பெட்டி வேண்டுமாம். நான்கு பேர் குறைந்திருந்தார்கள்.

பக்கத்தில் இப்போது தெளிவாக எழுதியிருக்கிறோமே, அங்கேயே அனுப்பியிருக்கலாமே என்று திரையைத் திருப்பிக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. குடோன் பக்கம் நடந்துகொண்டே சொன்னார்:

"அது கிடக்கட்டும் பாய். மத்தாப்பைக் காட்டுங்க, தொட்டுப் பார்த்துக்கிறேன்."