கெம்பனுக்குப் போட்ட சூடு

எங்கள் வீட்டில் வெல்லம் திருடுவதற்கு ஒரே ஒரு இடைஞ்சல்தான் இருந்தது. அதற்கு நான்கு கால்களும் ஒரு வாலும் உண்டு.

வெல்லம் ஒரு பழைய மண்ணெண்ணெய் டின்னில் இருந்தது. காவேரிப்பட்டினத்து மாமா கரும்பு ஆட்டும் நாட்களில் ஒரு சிப்பம் வெல்லம் கொண்டுவந்து போடுவார். அம்மா அதை உடைத்து டின்னில் கொட்டி, எறும்பு ஏறாமலிருக்க இறுக்கமான மூடி போட்டு, அடுப்படியில் பானைகளுக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். அந்த மூடியை எவ்வளவு மெதுவாகத் திறந்தாலும் 'டொப்' என்று ஒரு சத்தம் வந்தே தீரும். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் நாய் கெம்பன் களத்து மேட்டில் படுத்திருந்தாலும் எழுந்து ஓடி வரும். வாசற்படியில் முன்னங்கால்களை வைத்துக்கொண்டு, தனக்கும் ஒரு பங்கு வேண்டுமென்று குரைக்கும். தோட்டத்திலிருந்து அம்மா "யாருடி டின்னத் தொறந்தது?" என்று கேட்கும்வரை அது ஓயாது. முதல் திருட்டில் அதற்கு ஒரு துண்டு போட்டுப் பழக்கியவள் நான்தான் என்பதால், இதற்காக வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

எங்கள் ஊர் தளிக்கும் ஜவளகிரிக்கும் நடுவே, காட்டை ஒட்டி இருந்தது. ஊரில் பாதிப் பேர் கன்னடம் பேசுவார்கள். செம்மண் நிறத்தில் இருந்த குட்டிக்கு, கன்னடத்தில் சிவப்பன் என்று பொருள்படும் 'கெம்பன்' என்ற பெயரை வைத்தது யார் என்று தெரியாது. நான் பிறப்பதற்கு முன்பே அது வீட்டுக்கு வந்துவிட்டது. கேழ்வரகுக் கொல்லையில் இறங்கும் காட்டுப்பன்றிகளை அப்பாவோடு சேர்ந்து விரட்டியதில் அதன் தொடையில் ஒரு நீளத் தழும்பு. ஊரில் அப்பாவுக்கு இருந்த மரியாதையில் கால்பங்கு கெம்பனால் வந்தது என்று அத்தை சொல்வாள். அத்தை அப்பாவின் அக்கா. புருஷன் போனபின் எங்களோடுதான் இருந்தாள்.

எனக்குப் பத்து வயதானபோது ஒருநாள் மூடியைத் திறந்தேன். கெம்பன் வரவில்லை. எட்டிப் பார்த்தால், பத்தடி தூரத்தில் வாசலில்தான் படுத்திருக்கிறது. தூக்கம் போலும் என்று நினைத்து, கிடைத்தவரைக்கும் லாபம் என்று ஒரு கட்டியை வாயில் போட்டுக்கொண்டேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் வேண்டுமென்றே மூடியை இரண்டு தடவை திறந்து மூடினேன். பிறகு அதன் முதுகுப் பக்கமாகப் போய்க் கை தட்டினேன். காதின் நுனிகூட அசையவில்லை. காலால் தரையை ஓங்கி மிதித்ததும் துள்ளி எழுந்து நாலா பக்கமும் பார்த்தது.

அதன்பிறகு மற்றதெல்லாம் தானாகக் கண்ணில் பட்டது. வழக்கமான மூலையை விட்டுவிட்டு, யார் வந்தாலும் மிதித்துவிடும்படி நடைவழியில் குறுக்கே படுக்க ஆரம்பித்திருந்தது. தூங்கும்போது தாடையைத் தரையோடு ஒட்டி வைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு நாய்கள் குரைத்தால் இதுவும் குரைத்தது. ஆனால் ஒரு கணம் கழித்து, அவை வாயைத் திறப்பதைப் பார்த்த பிறகுதான் குரைத்தது. பின்னாலிருந்து தொட்டால் பல்லைக் காட்டிவிட்டு, தொட்டது நாங்கள் என்று தெரிந்ததும் வெட்கப்பட்டதைப் போல வாலைக் குழைத்தது. வீட்டில் பெரியவர்கள் மூன்று பேரும் அதைத் தினமும் தாண்டித்தான் போனார்கள். யாரும் கவனிக்கவில்லை. திருடிக்குத்தான் காவல்காரனின் நிலவரம் தெரிந்திருந்தது.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கோள் சொல்வதில் எனக்கு ஈடு அந்தத் தெருவிலேயே கிடையாது. அத்தை மூக்குப்பொடி போடுவதை அப்பாவிடம் போட்டுக் கொடுத்தவள் நான். ஆனால் கெம்பனுக்குக் காது கேட்கவில்லை என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று அம்மா கேட்பாள். அதைவிடப் பெரிய காரணம், அந்த டின்னும் நானும் இப்போதுதான் நிம்மதியாக இருந்தோம். வாயை மூடிக்கொண்டேன். மூடிய வாய்க்குள் வெல்லமும் இருந்தது.

கேழ்வரகு அறுவடை வந்தது. அந்த மாதத்தில் பிள்ளைகள் யாரும் பள்ளிக்கூடம் போவதில்லை. பெரியவர்கள் எல்லோரும் கொல்லைக்குப் போக, இரண்டு வயதுத் தம்பியையும் கிடாவையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அது சாதாரணக் கிடா அல்ல. முந்தின வருஷம் தம்பிக்கு அம்மை போட்டுப் பிழைப்பானோ மாட்டானோ என்று கிடந்தபோது அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டது. கழுத்தில் மஞ்சள் துணியோடு புங்கமரத்தடியில் கட்டியிருக்கும். பங்குனித் திருவிழாவுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

தம்பியைத் தூளியில் போட்டுத் தூங்கவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்தபோது புங்கமரத்தில் அறுத்த கயிறு மட்டும் தொங்கியது. அதற்கு மூன்று முழம் தள்ளி, பாதைக்கு முதுகைக் காட்டியபடி கெம்பன் தூங்கிக்கொண்டிருந்தது.

காலால் தள்ளினேன். எழுந்து என் முகத்தைப் பார்த்தது. கயிற்றைப் பார்த்தது. திரும்பவும் என் முகத்தைப் பார்த்தது. அதன்பிறகுதான் மூக்கைத் தரையில் வைத்து ஓடைவரைக்கும் ஓடி, அங்கே நின்று யாருமில்லாத கரையைப் பார்த்துக் குரைத்துத் தள்ளியது.

கொல்லையிலிருந்து எல்லோரும் ஓடி வந்தார்கள். அப்பா என்னைத்தான் முதலில் கேட்டார். நான் அழுதுகொண்டே, "நாயி கொலைக்கவே இல்லப்பா" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதனால்தான் இன்றுவரை அது எனக்குள் முள்ளாகக் குத்துகிறது.

"எலி ஓடுனாக்கூடக் கொலைக்கற நாயிடா அது" என்றாள் அத்தை. "பக்கத்துலயே படுத்துக்கினு சும்மா இருந்துச்சின்னா, எவனோ வாயக் கட்டிட்டுத்தான் கிடாவ ஓட்டிக்கினு போயிருக்கறான்."

வாய்க்கட்டு என்றால் எங்கள் பக்கத்தில் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆடு திருடப் போகிறவன் மந்திரித்த மண்ணைத் தூவி நாயின் வாயைக் கட்டிவிடுவான். அந்தக் கட்டை எடுக்காமல் விட்டால் அது வீட்டிலிருக்கிற குழந்தை மேல் திரும்பும். அதுவும் சாமிக்கு விட்ட கிடா போயிருக்கிறது. அம்மா தூளியிலிருந்து தம்பியை வாரி எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். அப்போது நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று வாய்வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தால் வெல்ல வாசனை வருமே என்று அஞ்சினேன். அவ்வளவு அற்பமான பயம்தான்.

மறுநாள் காலை, தளிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டு எடுக்கிறவர் ஒருவரை அப்பா அழைத்து வந்தார். பாதி கன்னடம், பாதி தமிழ். கெம்பன் கொட்டகை ஓரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. "கூப்புடுங்க பாக்கலாம்" என்றார். அப்பா கூப்பிட்டார். அது திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார்.

"நோடி, பாயி கட்டிதாரே. வாயக் கட்டியிருக்கறாங்க பாருங்க. வாய் மட்டும் இல்ல, கட்டு காதுக்கும் ஏறிடுச்சி" என்று அவர் தலையை ஆட்டினார். அந்த இடத்தில் அவரைவிட உண்மைக்குப் பக்கத்தில் போனவர் யாருமில்லை. உண்மையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

தாடையின் இரண்டு பக்கமும் சூடு போட்டால் கட்டு அவிழும் என்றார். மாட்டுக்கு நோவு வந்தால் சூடு போடுகிற ஊர்தான் எங்களுடையது. யாரும் அதிர்ச்சியடையவில்லை. அறுவடை அரிவாளின் முனை அடுப்புக்குள் போயிற்று. ஆனால் கெம்பன் வேற்றாளைக் கிட்டே விடாது. நெருப்பைக் கண்டால் அப்பாவிடமும் வராது.

"நீ கூப்ட்டா வரும். போய்ப் புடிச்சிக்கினு வா" என்றார் அப்பா என்னிடம்.

வெறுங்கையோடு போகக்கூடாதென்று அம்மா பானைகளுக்குப் பின்னாலிருந்து டின்னை எடுத்தாள். எல்லோர் முன்னிலையிலும் மூடியைத் திறந்தாள். 'டொப்' என்றது. நான் கெம்பனைப் பார்த்தேன். அது அசையவில்லை. அம்மா ஒரு கட்டியை என் கையில் வைத்தாள். அந்த வீட்டில் கேட்காமலே எனக்கு வெல்லம் கிடைத்தது அன்றுதான்.

கெம்பனை எப்படி அழைப்பது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பின்னாலிருந்து கூப்பிடாமல், சுற்றிக்கொண்டு அதன் முன்னால் போய் நின்று, குனிந்து வெல்லத்தைக் காட்டினேன். உடனே எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. வழியெல்லாம் என் முகத்தையே பார்த்தபடி, என் வலதுகாலை உரசிக்கொண்டு வந்தது. அப்பா அதன் கழுத்தைப் பிடித்தார். அத்தை பின்னங்கால்களைப் பிடித்தாள். நான் பிடித்துக்கொள்ளவில்லை. பார்க்கவும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டேன். மயிர் கருகும் நாற்றம் வந்தது. கெம்பன் போட்ட சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.

"அவுந்துச்சி! அவுந்துச்சி!" என்று அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். நாய் வாயைத் திறந்துவிட்டதாம். கட்டு எடுத்தவர் வெற்றிலை வாங்கிக்கொண்டு நடந்தார். வீடே மூச்சு விட்டது. எனக்கு மட்டும் நின்ற இடத்திலேயே புதைந்துவிட வேண்டும்போல் இருந்தது.

அதற்கடுத்த நாள் அம்மா மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் புண்ணுக்குப் போட்டாள். நான் பக்கத்தில் அகப்பையோடு நின்றேன். போட்டு முடித்துவிட்டு அதன் முதுகுப் பக்கம் போனவள் ஏதோ நினைத்துக்கொண்டு நின்றாள். "கெம்பா" என்றாள். இன்னொரு தடவை சொன்னாள். அகப்பையை என்னிடமிருந்து வாங்கிக் கீழே போட்டிருந்த தாம்பாளத்தில் தட்டினாள். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்து நான் டின்னத் தொறந்தன். இது திரும்பிக்கூடப் பாக்கல. இதுக்குக் காது கேக்கலடி." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நாள் பூரா வூட்டுல கெடக்கறவ நீதான். உனக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

அம்மா எழுந்து உள்ளே போனாள். டின்னைத் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்க வெகுநேரம் ஆயிற்று. வெளியே வந்து அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால், இரண்டு அடி போட்டிருந்தால், நான் இதை எப்போதோ மறந்திருப்பேன். அப்பாவிடம் காது விஷயத்தை மட்டும் சொன்னாள். அவர் அன்று தன் தட்டிலிருந்த களியைக் குழம்பில் கரைத்துக் கெம்பனுக்கு வைத்துவிட்டு, சாப்பிடாமல் கொல்லைக்குப் போனார். அத்தை மட்டும் கட்டு காதில்தான் இறங்கியிருந்தது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

கெம்பன் என்னை வெறுத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அது என்னைவிட்டு நகரவே இல்லை. தண்ணீர் எடுக்கப் போனால் பின்னாலேயே வரும். உட்கார்ந்தால் எதிரில் வந்து உட்காரும். உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கும். யாராவது பேச ஆரம்பித்தால் அவர்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடியும் என்னைப் பார்க்கும். இது எல்லார் முன்னாலும் என்னைக் காட்டிக்கொடுக்கத்தான் இப்படிச் செய்கிறது என்று நான் முடிவு கட்டினேன். எல்லாம் தெரிந்த ஒரே சாட்சி அதுதானே. ஒருநாள் கிணற்றடியில் அதன் பார்வை தாங்காமல் மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தேன். புண் ஆறிக்கொண்டிருந்த தாடையில் பட்டது. நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்து, அங்கிருந்து பார்த்தது.

மாசி மாதத்தில் ஒரு காலை அது நடைவழியில் குறுக்கே படுத்தபடியே செத்துக் கிடந்தது. அப்பா புங்கமரத்தடியில் புதைத்தார். பங்குனியில் வேறு கிடா வெட்டி வேண்டுதலை முடித்தார்கள். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. வளர்ந்து ஓசூர்த் தொழிற்சாலையில் சேர்ந்து, வேலைக்காலம் முடிந்து, பேரன் பேத்தி எடுத்துவிட்டான்.

இப்போது நான் அவன் வீட்டில்தான் இருக்கிறேன். இரண்டு வருஷமாக எனக்குக் காது மந்தம். முதலில் நானே ஒப்புக்கொள்ளவில்லை. வாசலைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவேன். முதுகுப் பக்கம் யாராவது வந்தால் தூக்கிப் போடுகிறது. டிவி முன்னால் எல்லோரும் சிரித்தால் நானும் சிரிக்கிறேன், ஒரு கணம் கழித்து.

போன வாரம் வீட்டில் எல்லோரும் ஏதோ பரபரப்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த தம்பி சட்டென்று என் பக்கம் திரும்பினான். உரக்கக் கேட்டதால் புரிந்தது.

"ஏங்க்கா, என்னையே மொறச்சிப் பாத்துக்கினு இருக்கற? நான் என்னா பண்ணன்?"

நான் அவனை முறைக்கவில்லை. கூடத்தில் என்ன நடக்கிறது, பயப்பட வேண்டிய விஷயமா, சந்தோஷப்பட வேண்டியதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் எனக்கு மிகவும் பழக்கமான முகம் அவனுடையது. அதில் தெரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

எழுந்து உள்ளே போய்விட்டேன். கிணற்றடியில் நாலடி தள்ளி உட்கார்ந்திருந்த கெம்பனும் என் முகத்தைப் பார்த்து, என்ன நடக்கிறது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது.