செட்டர் அண்ணனுக்காக நான் சொன்ன பதில்கள்

"ஈவத்து யாவ வார, கேளி" என்றார் டாக்டரம்மா கன்னடத்தில். இன்றைக்கு என்ன கிழமை என்று அடிபட்டவரிடம் கேட்கச் சொன்னார். நான் தமிழில் கேட்டேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த செட்டர் அண்ணன், பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை, பிள்ளைகளே.

பொம்மனஹள்ளியில் சைக்கிள் ஸ்டாண்டு பார்த்துக்கொள்ளும், நீங்கள் பெரியப்பா என்று கூப்பிடும் அதே அண்ணன்தான். அவர் இடது கையில் மூன்று விரல் இருப்பதுதான் உங்களுக்குத் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூர் ஓசூர் ரோட்டில் தகடு வெட்டும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் அவருக்கு ஹெல்பராகச் சேர்ந்தபோது, பத்து விரலும் இருந்தன. பிரஸ் மெஷினில் தகடு வெட்டும் அச்சை மாட்டி, தகடு பிசகாமல் விழுகிறதா என்று சரிபார்ப்பது செட்டர் வேலை. "ஒரு முடி அளவு தள்ளுடா. உன் முடி இல்ல, அது கம்பி மாதிரி இருக்கு. என் முடி அளவு" என்பார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், அச்சைத் தூக்கும் சங்கிலியின் கொக்கி ஆடி வந்து அவர் தலையில் அடித்தது. விழுந்தவர் பத்து எண்ணும் நேரம் கண் திறக்கவில்லை. பிறகு எழுந்து, "இன்னாடா, சாவு வூட்ல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தோம். ரத்தம் வரவில்லை. ரத்தம் வராவிட்டால் காயமே இல்லை என்பது எங்கள் கணக்கு. ஆனாலும் சூப்பர்வைசர் எதிரில் இருந்த கிளினிக்குக்கு அனுப்பினார். டாக்டரம்மா தார்வாட் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர், தமிழ் தெரியாது. அண்ணன் திருவண்ணாமலைப் பக்கம். அவருடைய கன்னடம் பஸ் கண்டக்டரோடு முடிந்துவிடும். பெங்களூர் அல்சூரில் பிறந்து இரண்டு பாஷையும் தெரிந்த நான் நடுவில் நின்றேன்.

அண்ணன் ஒரு கிழமையைச் சொன்னார். அது சனிக்கிழமை இல்லை. நான் டாக்டரம்மாவிடம் "ஷனிவார" என்றேன். எப்படி அடிபட்டது என்று கேட்டதற்கு, "எனக்கு அடிபட்டுச்சா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். "கொக்கி பட்டதாம்" என்று நான் கன்னடத்தில் சொன்னேன். எலுமிச்சை, சாவி, நீலம் என்று மூன்று சொல்லை ஞாபகம் வைக்கச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்து டாக்டரம்மா கேட்டார். அண்ணன் எலுமிச்சையோடு நின்றார். நான் கன்னடத்தில் மூன்றையும் சொன்னேன்.

முடி அளவு வித்தியாசம் கண்டுபிடிக்கிற மனுஷன், ஒரு சின்ன வயது டாக்டர் முன்னால் மக்குப் போலத் தெரியக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரியவர்கள் பேச்சை இன்னொருவரிடம் சொல்லும்போது கொஞ்சம் திருத்திச் சொல்வது நம் வழக்கம்தானே. அதுவும் உண்மைதான். ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவசர வேலை இருந்தது. அண்ணனுக்கு ஓய்வு என்று எழுதிவிட்டால் அச்சு மாட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்குத்தான் நான் உங்கள் அம்மாவைப் பெண் பார்க்க அத்திபெலே போக வேண்டும்.

"பதில் எல்லாம் சரியாக இருக்கிறது. தலைவலி, வாந்தி வந்தால் உடனே வரட்டும்" என்றார் டாக்டரம்மா. அதை மட்டும் ஒரு சொல் விடாமல் அண்ணனிடம் சொன்னேன்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு நான் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மா காபி கொண்டுவந்தாள். அதே நேரத்தில் அங்கே கம்பெனியில் அண்ணன் தலை சுற்றி மெஷின் மேல் சாய்ந்திருக்கிறார். கை அச்சுக்குள்; கால் பெடல்மேல். இரண்டு விரல் போய்விட்டது.

திங்கட்கிழமை டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "அன்றைக்குப் பதில் எல்லாம் அவரேதானே சொன்னார்?" என்று கேட்டார்.

"ஹௌது மேடம்" என்றேன். ஆமாம் என்றேன்.

அண்ணனுக்கு அந்தச் சனிக்கிழமை அடியோடு மறந்துபோயிற்று. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அதனால் நான் அவரைக் கைத்தாங்கலாகக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனது ஒன்றையே ஊரெல்லாம் சொல்வார். போன மாதம் நம் வீட்டுக்கு வந்தபோதும், "உங்கப்பன் இல்லன்னா நான் அன்னிக்கே போயிருப்பேன்" என்றார். உங்களில் பெரியவள் என்னைப் பெருமையோடு பார்த்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் காலை சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அண்ணன் சைக்கிள் விட வந்தவர் ஒருவருக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார்.

"அன்னிக்கு நான் இன்னா கெழமைன்னு சொன்னேன்?"

"வியாழன்னு சொன்னீங்கண்ணா."

"வியாழன்" என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "வேற இன்னா சொன்னேன்?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன். இந்த முறை எதையும் திருத்தவில்லை. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. கிளம்பும்போதுதான் கேட்டார்.

"புள்ளைங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணா."

"சொல்லிடு. இல்லன்னா அடுத்த வாட்டி வரும்போது அதுங்க முன்னால நான் உன்னை மெச்சிப் பேசணும். இனிமே அது என்னால முடியாதுடா."